பச்சை முனையும் நீல முனையும்

அக்டோபர் 6, தூத்துக்குடி

மறுபடியும் கப்பல், மறுபடியும் இந்த இரும்பு வாடை. மூன்று மாதம் கரையில் கிடந்தபோது எப்போது கூப்பிடுவார்கள் என்று இருந்தது. ஏறி ஒரு மணி நேரம் ஆகவில்லை, எப்போது இறக்கிவிடுவார்கள் என்று இருக்கிறது. என் பிழைப்பே இப்படித்தான்.

காலையில் மெடிக்கல். பாஸ். கண் சார்ட்டைக் கீழ் வரி வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தேன். பத்து வருஷமாக அதே அறை, அதே சுவர், அதே சார்ட். "நாப்பத்தெட்டு வயசுக்கு நல்ல பார்வை" என்றார் டாக்டர். செண்பகத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "முந்தாநாள் எதிர்வீட்டுக்காரரை என் தம்பின்னு நெனச்சுக் கையாட்டுனியளே, அதை டாக்டர்ட்ட சொன்னியளா?" என்கிறாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

போன மாதம் 'மரிய அற்புதம்' என்ற விசைப்படகை ஏதோ ஒரு சரக்குக் கப்பல் இடித்துவிட்டுப் போய்விட்டது. மூன்று பேரில் இரண்டு பேரைக் காப்பாற்றினார்கள். ரெமிஜியுஸ் என்ற பையனைக் காணவில்லை. படகு மாதிரி ஒன்று கடலடியில் கிடப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கேமரா வைத்த ரோபோவை அங்கே இறக்கி, அது அந்தப் படகுதானா, உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மேலே கொண்டுவர வேண்டும். ஆள் இல்லாமல் கடலடிக்குப் போகிற இந்த ரோபோவை நாங்கள் ஆர்ஓவி என்போம். அதை ஓட்டுகிறவள் பெனிட்டா. ஒயர், கேபிள், கேபிளைச் சுற்றி இறக்குகிற வின்ச் எல்லாம் என் பாடு.

கிளம்புவதற்கு முன்னால் வின்ச்சில் ஒரு பழைய ஒயரைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். வின்ச் மூடிக்குள் வெளிச்சமே கிடையாது. எந்த மடையன் அங்கே பல்பு வைக்காமல் விட்டானோ. தடவிப் பார்த்துத்தான் மாட்டினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை இந்த வேலையைச் செய்யும்.

அக்டோபர் 7

ரெமிஜியுஸின் அப்பா கப்பலிலேயே வந்திருக்கிறார், படகை அடையாளம் காட்ட. பெயர் சூசை மிக்கேல். இடுப்பில் பச்சைச் சாரம், வெள்ளைச் சட்டை. கேபினுக்குள் இருக்க மாட்டேன் என்று வின்ச் பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆர்ஓவி எந்த இடத்தில் இறங்குமோ அந்தத் தண்ணீரையே பார்க்கிறார்.

என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "தம்பி, இந்த டிரம்மு சுத்துது. கேபிளும் அதோட சேந்து சுத்துது. அதுல இருந்து உங்க ரூமுக்கு ஒயர் வருதே, அது முறுக்கிக்கிட்டு அந்துறாதா?"

நல்ல கேள்வி. இன்ஜினியரிங் படித்துவிட்டு வருகிற பையன்கள்கூட இதைக் கேட்பதில்லை. டிரம்மின் நடுவில் உள்ள உருளையைக் காட்டினேன். ரோட்டரி ஜாயின்ட். கேபிளுக்குள் முடி மாதிரிக் கண்ணாடி இழை போகிறது, படம் அதில் வெளிச்சமாக வருகிறது. ஜாயின்ட்டுக்குள் இரண்டு இழைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒன்று டிரம்மோடு சுற்றும், ஒன்று சும்மா நிற்கும். சுற்றுகிறதிலிருந்து வெளிச்சம் நிற்கிறதுக்குள் பாயும்.

"தொடாமலா?"

"தொடாமத்தான்."

பிறகு, "அவன் அம்மா தினமும் ராத்திரி அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைக்கா" என்றார். "இடிச்ச கப்பல்காரனே தூக்கிட்டுப் போயிருப்பான், ஏதாவது வெளிநாட்டுல எறக்கி விட்டுருப்பான்ங்கா. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. நீங்க உண்டு இல்லைன்னு பாத்துச் சொல்லிட்டியன்னா, நான் போயி அவகிட்ட சொல்லிருவேன்." நட்டு முடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அக்டோபர் 8

முதல் இறக்கம். உருப்படவில்லை.

டிரம் நிற்கும்போது படம் நன்றாக இருக்கிறதாம். சுற்ற ஆரம்பித்தால் உறைகிறது, கிழிகிறது, போய்விடுகிறது. பிறகு வருகிறது. படம் மட்டும் போனால் பரவாயில்லை, பெனிட்டா கொடுக்கிற கட்டளையும் அதே வெளிச்சத்தில்தான் போகிறது. அது போய்விட்டால் ஆர்ஓவி அந்தரத்தில் செத்த பிணம்தான். கேப்டன் மேலே இழுக்கச் சொல்லிவிட்டார். "லைன் சரியாகுற வரைக்கும் ஆழத்துக்குப் போகக் கூடாது" என்றார். கடல் இன்றைக்குத் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி கிடக்கிறது. இப்படி ஒரு நாளை வீணடித்தோம்.

ஜாயின்ட்டில்தான் கோளாறு. ஈரம் இறங்கியிருக்கும். மதியம் முழுக்க இழைகளின் எல்லா முனைகளையும் கழற்றித் துடைத்தேன். மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றையும் நானே பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. அந்த மைக்ரோஸ்கோப் லென்ஸ் பாசி பிடித்த மாதிரி மங்கிக் கிடக்கிறது, எத்தனை தடவை துடைத்தாலும் போகவில்லை. "நான் ஒரு தடவ பாக்கட்டுமா அண்ணே?" என்றாள் பெனிட்டா. "நீ பொறக்கும்போதே நான் இந்த வேலைக்கு வந்தவன்" என்றேன்.

வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை மட்டும் அவளிடம் கொடுத்து எண்களை வாசிக்கச் சொன்னேன். அவள் குரல் வின்ச் சத்தத்திலும் கேட்கும், அதனால்தான்.

டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டேன். கப்பல் ஆடியிருக்கும்.

அக்டோபர் 9

ஜாயின்ட்டையே மாற்றினோம். ஸ்பேர் ஒன்று பெட்டியில் புதுசாக இருந்தது. மேனுவலை எறும்பு வாசிப்பதற்காக அச்சடித்திருக்கிறார்கள், அதைப் பெனிட்டாவை வாசிக்கச் சொல்லி நான் வேலை பார்த்தேன். நாள் முழுக்க ஆயிற்று. ஏற்கெனவே இருந்த ஒயர்களையே திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தோம். அதே கிழிசல், அதே உறைதல். அலுத்துப்போயிற்று.

மிக்கேல் அண்ணாச்சி அந்தக் கயிற்றுச் சுருளை விட்டு நகரவே இல்லை. சமையல்காரர் சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். "அந்த நீலச் சாரம் கட்டுன ஐயாவப் பாத்தா எனக்கு அழுகையா வருது" என்றாள் பெனிட்டா. நீலமாம். படித்த பிள்ளைக்கு நிறம்கூடத் தெரியவில்லை.

அக்டோபர் 10

கேபிள் முனையை வெட்டி, புதிதாகச் சேர்த்தோம். பயனில்லை.

அக்டோபர் 11

உடம்பெல்லாம் வலி. கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம். எந்த விளக்கைப் பார்த்தாலும் சுற்றி ஒரு வட்டம் தெரிகிறது. கடல் காற்றில் உப்பு, அது கண்ணாடியில் படிந்துவிடுகிறது.

இன்றைக்குப் பெனிட்டாவோடு பெரிய சண்டை. கோளாறு அவளுடைய கன்ட்ரோல் பெட்டியில்தான் என்றேன். அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, ஒரு வேள முனைங்க மாறியிருக்குமோ?"

எனக்கு வந்ததே கோபம். இந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீல முனை நேராகத் தேய்த்தது. பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம். மாற்றி மாட்டினால் நடுவில் இடைவெளி விழுந்து பாதி வெளிச்சம் போய்விடும். டிரம் நிற்கும்போது மிச்ச வெளிச்சத்தில் ஓடும், சுற்றும்போது அதுவும் போதாமல் விழுந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒருத்தன் இப்படி மாட்டிவைத்தான். அவனை எல்லோர் முன்னாலும் கிழி கிழி என்று கிழித்தேன், அவன் வேலையை விட்டே போய்விட்டான். என்னிடமா இந்தக் கேள்வி?

"நான் என்ன குருடனா?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவாகிறதாம். நாளை மறுநாள் வரைக்கும்தான் இங்கே நிற்க முடியும் என்கிறார் கேப்டன்.

அக்டோபர் 12

காலையில் வின்ச் மூடியைத் திறந்து மறுபடியும் ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது? பெனிட்டாவைக் கூப்பிட முகமில்லை. மிக்கேல் அண்ணாச்சி தானாக எழுந்து வந்து டார்ச்சைப் பிடித்தார். அவர் கை ஆடவே இல்லை.

ஜாயின்ட்டின் நிற்கிற பக்கத்தில், நான் தூத்துக்குடியில் மாட்டிய ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அவர் சும்மாதான் கேட்டார்.

"தம்பி, இது பச்சையா இருக்கு, அது நீலமா இருக்கே. அப்பிடித்தான் இருக்கணுமா?"

"ஆமா அண்ணாச்சி. அப்படித்தான்" என்றேன்.

அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஒயரைக் கழற்றி வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பெட்டியில் இருந்த ஒயர்களையெல்லாம் வரிசையாகப் பரப்பிவைத்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கடைசியில் சமையல்காரரைக் கூப்பிட்டு, "இதுல பச்சை எது, எடுத்துக் குடுங்க" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினேன். டிரம்மைச் சுற்றவிட்டோம். பெனிட்டா மீட்டரை வாசித்தாள். சுற்றும்போதும் எண் இறங்கவில்லை.

"என்ன கோளாறு அண்ணே?"

"ஒயர் பழசு" என்றேன். "சரி" என்றாள். அந்த ஒயர் புதுசு என்பது அவளுக்கும் தெரியும். பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததே அவள்தான்.

மாலை மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டதால் இன்றைக்கு இறக்க முடியவில்லை. அலை ஏற ஆரம்பித்துவிட்டது. நாளை ஒரே ஒரு இறக்கம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 13

எழுதவே மனம் இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

விடிந்ததும் இறக்கினோம். டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. கன்ட்ரோல் கன்டெய்னரில் நாங்கள் மூன்று பேர்தான். பெனிட்டா ஓட்டினாள், நான் அவளுக்கு வலப்பக்கம், எனக்குப் பக்கத்தில் மிக்கேல் அண்ணாச்சி. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி.

அடித்தளம் வந்தது. வலைத் துண்டு, மண். பிறகு படகின் முகப்பு. "நிறுத்தும்மா" என்றார் அவர். "மரிய அற்புதம். அந்த எழுத்து நான் எழுதுனது. போன திருவிழாவுக்கு நானும் அவனும் சேந்துதான் பெயின்ட் அடிச்சோம்." படகு சரிந்து கிடந்தது. பெனிட்டா பின்பக்கம் போனாள். இன்ஜின் அறைக் கதவு திறந்திருந்தது. விளக்கை உள்ளே திருப்பினாள்.

அப்புறம் அவள் அசையவில்லை.

மிக்கேல் அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "தம்பி, என் கண்ணுல தண்ணி நிக்குது. ஒண்ணும் தெரியல. அந்தப் பிள்ளைகிட்ட கேக்க மனசு வரல, பொம்பளப் பிள்ள. நீங்க பாத்துச் சொல்லுங்க. உள்ள அவன் இருக்கானா?"

திரையைப் பார்த்தேன். பால் கொட்டின மாதிரி வெளிச்சம். நடுவில் ஏதோ சாம்பல் நிறத்தில் கிடந்தது. அது இன்ஜினா, தார்ப்பாயா, மனிதனா, எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு துளி குறையாமல் வெளிச்சம் வந்து என் மூக்குக்கு முன்னால் நிற்கிறது, அது என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைக்க வேண்டியதில்லை. நான் அதை நினைத்தேன். பிறகு அந்த அம்மா தினமும் மூடி வைக்கிற சோற்றை நினைத்தேன்.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி."

"நல்லா உத்துப் பாருங்க தம்பி."

"உத்துப் பாத்தாலும் தெரியாது. எனக்குக் கண்ணு சரியில்ல. ரொம்ப நாளாவே சரியில்ல. பச்சையையும் நீலத்தையும் மாத்தி மாட்டுனது நான்தான். நீங்க நேத்து கேட்டப்போ பொய் சொன்னேன். இத்தன நாளு வீணாப் போனது என்னாலதான்."

பெனிட்டா திரும்பவில்லை. அவர் என் கையை விட்டுவிட்டார்.

"அப்போ நீயே சொல்லு மக்கா" என்றார் அவளிடம்.

"இருக்காங்க ஐயா" என்றாள். "நீலச் சட்டை."

"ஆமா" என்றார். "அவன் அம்மா எடுத்துக் குடுத்தது."

அவனை மேலே கொண்டுவர முடியவில்லை. அதற்குத் தனியாகக் கூடை இறக்க வேண்டும், கதவை வெட்ட வேண்டும், அமைதியான கடல் ஒரு முழு நாளாவது வேண்டும். ஆர்ஓவியைத் தூக்குவதற்குள்ளேயே அலை தளத்தில் ஏறிவிட்டது. கேப்டன் அண்ணாச்சியிடம் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார். எட்டாம் தேதியோ, ஒன்பதாம் தேதியோ, பத்தாம் தேதியோ இதே படம் வந்திருந்தால் அந்தப் பையன் இப்போது எங்களோடு கரைக்கு வந்துகொண்டிருப்பான். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அண்ணாச்சி ஒன்றுதான் கேட்டார், "அந்த இடத்தோட பாயின்ட்ட எழுதிக் குடுங்க. எங்க படகு ஜிபிஎஸ்ல ஏத்திக்கிடுதேன்." பெனிட்டா எழுதிக் கொடுத்தாள்.

பிறகு கேப்டன் அறையில் சாட்டிலைட் ஃபோனில் வீட்டுக்குப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே நின்றேன். "பிலோமினா, நான்தான்... ஆமா, பாத்துட்டோம்... ஆமா." அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தம். அவர் குறுக்கிடவே இல்லை, ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றார். கடைசியில் சொன்னார்: "இன்னைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு எடுத்து வைக்காண்டாம்."

அக்டோபர் 14

தூத்துக்குடி. மழை.

இறங்குகிற ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மிக்கேல் அண்ணாச்சி பையோடு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"கோவம் இருக்கு தம்பி. இல்லன்னு சொன்னா பொய். எம் பிள்ளைய அங்கேயே விட்டுட்டு வாறேன். அது எப்பவும் இருக்கும்." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "இல்லன்னு சொல்லிருந்தியன்னா நான் நம்பியிருப்பேன். அதையும் நெனச்சிக்கிடுதேன். போயிக் கண்ணைப் பாருங்க."

அவர் சாரம் இன்றைக்கும் எனக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டைப் பெனிட்டாவையே எழுதச் சொன்னேன். "காரணம்னு என்ன போடட்டும் அண்ணே?" என்றாள். "என் பேரைப் போடு. கண்ணு தெரியாம மாத்தி மாட்டுனேன்னு போடு" என்றேன். "வேலை போயிரும்ணே." "போகட்டும்." எழுதி முடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. அவளும் அழுதாள், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குருடனான்னு என்கிட்ட கத்துனியளே, அன்னைக்கே ஆமான்னு சொல்லிருக்கணும்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

அக்டோபர் 17

செண்பகம் கூடவே வந்தாள். விட்டால் ஓடிவிடுவேன் என்று பயம். அதே கிளினிக், அதே அறை, அதே நாற்காலி. டாக்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "போன வாரம்தானே பாஸ் பண்ணுனீங்க, மறுபடியும் எதுக்கு?" என்றார். சும்மா இன்னொரு தடவை பாருங்கள் என்றேன்.

விளக்கைப் போட்டார். அதே சுவர், அதே சார்ட்தான். மேலே ஒற்றை எழுத்து, அடுத்ததில் இரண்டு, அதற்குக் கீழே மூன்று. கடைசி வரியைத் தலைகீழாகக்கூட என்னால் சொல்ல முடியும். குச்சியை எடுத்துப் பாதிக்குக் கீழே ஒரு வரியில் வைத்தார். "ம், சொல்லுங்க."

அந்த வரி என் நாக்கு நுனியில் நின்றது. செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல டாக்டர்" என்றேன்.

குச்சியை ஒரு வரி மேலே வைத்தார். "இது?"

"அதுவும் தெரியல."